நீலக் கோடு

அக்டோபர் 7, செவ்வாய்

பச்சைப் பொத்தானை அழுத்தியாயிற்று. பிடித்துக்கொள்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

என் பெயர் இன்னாசி. தூத்துக்குடிக்காரன். எழுத்து தெரியாது, எண் தெரியும். ஜெசிந்தா என்கிற நர்ஸ் பிள்ளைதான் இந்தப் போனைக் கையில் கொடுத்தாள். "தெனமும் வீட்டம்மாவப் பத்தி ரெண்டு வார்த்த பேசிருங்க தாத்தா. தேதிய அதுவே போட்டுக்கிடும். அப்புறமா ஒருத்தர் கேட்டு ஒழுங்கான தமிழ்ல எழுதிருவாங்க" என்றாள். எப்போது கேட்பீர்கள் என்றேன். ஆராய்ச்சி எல்லாம் முடிந்த பிறகுதானாம். கேட்டு எழுதப்போகிற பிள்ளையே, நான் பாதியில் நிறுத்தினால் யாரோ வருகிறார்கள் என்று வைத்துக்கொள். கை கழுவுகிற தொட்டி பக்கத்தில் நின்று பேசுகிறேன்.

கட்டிலில் இருப்பவள் என் மனைவி பிரகாசி. கருவாட்டுக் கொட்டகைத் தூசியும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து அவள் நெஞ்சைக் கெடுத்துவிட்டன. மூக்கு வழியாக ஆக்சிஜன் போகிறது. இந்த அறையில் இரண்டே கட்டில். நடுவில் திரை. இது ஆராய்ச்சி அறை.

டாக்டர் செண்பகம் பொறுமையாக விளக்கினார். நோயாளியின் மூச்சை, ஊசி குத்தாமல், உடம்புக்குள் எதையும் விடாமல் அளப்பதற்குப் பல வழி இருக்கிறதாம். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. மெத்தைக்கு அடியில் சப்பையாக ஒரு தகடு. சுவரில் ஒரு காமிரா. மூன்றும் ஒரே பெட்டியில் கோடு கோடாக ஓடும். பட்டைக்கு மஞ்சள், தகடுக்கு நீலம், காமிராவுக்குப் பச்சை. இது போக நர்ஸ் காலையில் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் எண்ணுவாள்.

"எது சரியாச் சொல்லுது, எது கோட்ட விடுதுனு பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடு. ஊசி கெடையாது, வலி கெடையாது" என்றார்.

"விரல்ல ஒரு கிளிப்பு மாட்டிருக்கியளே?"

"அது ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குனு சொல்லும். மூச்சு எப்படி இருக்குனு சொல்லாது."

"தொண்டக் குழாயி?"

"இப்ப எதுக்குத் தாத்தா அது? தேவப்பட்டாப் பாப்போம்."

கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். தேவைப்பட்டால் என்று சொன்னதே காதில் நின்றது.

என் மச்சான் தொம்மைக்கும் இப்படித்தான் சொன்னார்கள். தொம்மை, பிரகாசியின் அண்ணன். நான் சங்கு குளிக்கப் போகும்போது வள்ளத்தில் நின்று என் கயிற்றைப் பிடித்தவன். எங்கள் பக்கம் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானைத்தான் நிறுத்துவோம். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டானே. நாலு வருடம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குழாய் போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அன்று சாம்பல் புதன். யாரோ அவன் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டிருந்தார்கள். வாயோரம் வெள்ளைப் பிளாஸ்திரி. மெஷின் தள்ளத் தள்ள நெஞ்சு ஏறி இறங்கியது. அது தொம்மை விட்ட மூச்சு இல்லை. உயிர் போன பிறகு குழாயோடேதான் வெளியே கொண்டுவந்தார்கள்.

பிரகாசியும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அக்டோபர் 8, புதன்

பட்டை கடிக்கிறது என்று காலையிலிருந்து புலம்பல். "மீனு கட்டுத மாதிரி கட்டி வச்சிருக்காளுவ" என்றாள். ஜெசிந்தா சாப்பிடப் போனதும் ஒரு பிடி தளர்த்திவிட்டேன். மஞ்சள் கோடு சோர்ந்துபோயிற்று. அதனால் என்ன, இன்னும் இரண்டு கோடு இருக்கிறதே.

காமிரா விஷயம் அதைவிடப் பெரிய ரகளை. சட்டை மாற்றவேண்டும், சுவரில் கண் இருக்கிறது.

"அது நெஞ்சு அசையுதத மட்டுந்தான் பாக்கும் பாட்டி, முகமே தெரியாது" என்று ஜெசிந்தா சொன்னாள்.

"நெஞ்சத்தான் பாக்கக்கூடாதுங்கேன்!"

பக்கத்துக் கட்டிலில் மாமியாரைக் கவனிக்கிற பேச்சி சிரித்த சிரிப்பில் திரையே ஆடியது. கயத்தாறுக்காரி. வாய் ஓயாது. மாமியாருக்குக் காது கேட்காது, அது அவளுக்குச் சௌகரியம்.

பிரகாசி தன் ஈரிழைத் துவாலையை என்னிடம் நீட்டினாள். ஸ்டூலில் ஏறி அந்தக் கண்ணின் மேல் போட்டேன். சட்டை மாற்றி முடித்ததும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். ஜெசிந்தா போனதும் பிரகாசி துவாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பப் போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

இட்லி ஒன்று. கஞ்சி அரை டம்ளர். கால் வீக்கம் அப்படியே.

காலையில் நர்ஸ் வந்து கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரகாசியின் நெஞ்சைப் பார்த்து எண்ணினாள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இவள் மூச்சை மட்டுப்படுத்திக்கொள்கிறாள். கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக, அழகாக. நர்ஸ் இருபது என்று எழுதிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டினாளோ இல்லையோ, இவளுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. வாயைத் திறந்து வலையில் பட்ட மீனாக இழுத்தாள்.

"ஏளா, எதுக்கு இப்படி வேசம் போடுத?"

"சும்மா இரிங்க. நல்லாருக்கானு நெனச்சாத்தான வீட்டுக்கு விடுவாவ."

இதை நர்ஸிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பெட்டி கூவிக்கொண்டே இருக்கிறது. நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து என்று நிற்கிறது. டாக்டர் செண்பகம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இப்படியே போனா நாளைக்கு ஐ.சி.யூ.வுக்கு மாத்த வேண்டியிருக்கும்" என்றார்.

கண்ணாடிக் கதவு போட்ட அறை இங்கேயும் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில். நான் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறேன்.

டாக்டர் போனதும் பிரகாசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது, அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"இஞ்ச பாருங்க. எங்கண்ணன் கெடந்த மாதிரி என்னையக் கெடத்தாதிய."

"கெடத்த மாட்டேன்."

"சத்தியம் பண்ணுங்க."

"ஏளா, கெட சும்மா."

"சத்தியம் பண்ணுங்கங்கேன்."

கையடித்துக் கொடுத்தேன்.

மதியம் வார்டு அடங்கிக் கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நெஞ்சையும் தலையையும் அவள் மெத்தையோரம் சாய்த்தேன். இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி, அப்படியே அயர்ந்துவிட்டேன். விழித்தபோது அறையில் சத்தமே இல்லை. முதலில் அதுதான் பயமாக இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். கூவல் நின்றிருந்தது. நீலக் கோடு காற்றில்லாத நாளில் கரைக்கு வருகிற நீர் மாதிரி நீளமாக ஏறி நீளமாக இறங்கியது. பதினாலு.

பிரகாசியைப் பார்த்தேன். அவள் முன்பு இழுத்த மாதிரியேதான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

தலையைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் கோடு உடைந்து, பெட்டி கூவத் தொடங்கியது. மறுபடி சாய்த்தேன். அடங்கியது.

இன்றைக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, சனி

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மருந்து புடிச்சிருச்சு தாத்தா. ராத்திரி பூரா பதினாலு, பதினஞ்சுதான் காட்டிருக்கு. விரல் கிளிப்பும் நல்லாருக்கு. ஐ.சி.யூ. வேண்டாம்."

எனக்கு இடுப்பு வலி. ஸ்டூலில் உட்கார முடியவில்லை. அதனால்தான் கட்டிலின் சுவரோரப் பக்கம் ஒண்டிப் படுத்துக்கொள்கிறேன். மெலிந்த உடம்புதான், இடம் போதும். டாக்டரோ நர்ஸோ வரும் நேரம் எழுந்து, காமிரா மேல் கிடக்கும் துவாலையையும் எடுத்துவிடுவேன்.

பேச்சி திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். "யாத்தே! பெரியவரு புதுமாப்பிள்ள மாதிரில்லா கட்டில்ல ஏறிக்கிட்டாரு! ஆஸ்பத்திரினும் பாக்கலியே!"

"இடுப்பு வலிம்மா."

"இருக்கும் இருக்கும். இந்த வயசுல வராத வலியா?"

பிரகாசியின் உதடு கொஞ்சம் விரிந்தது. அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகிறது. பட்டை இன்னும் ஒரு பிடி தளர்ந்து கிடக்கிறது. அதைத் தளர்த்தச் சொல்லி இன்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நன்றாகத் தூங்குகிறாள்.

போனில் பூசை வைத்துக் காதோரம் பிடித்தேன். பிரசங்கத்துக்கு முன்பே தூங்கிவிட்டாள். அது எப்போதும் உள்ளதுதான். காபியைக் கையில் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகியது. மடியெல்லாம் காபி. "தலவலிக்கி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, வள்ளம் வந்துட்டா?" என்றாள்.

தூக்கக் கலக்கம். தூங்கட்டும். எத்தனை நாள் தூக்கம் பாக்கி.

மூச்சு முன்னைப்போல இழுக்கவில்லை. மேலாக, சிறிதாகப் போகிறது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். பேச்சியிடம் கேட்டேன், அவளும் நல்லதுக்குத்தான் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டரும் ஜெசிந்தாவும் பெட்டியின் முன்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் கட்டிலை விட்டு எழுந்து, போர்வையை மடிக்கிற மாதிரி நின்றேன். பிரகாசியைத் தோளில் தட்டி எழுப்பி உட்காரவைத்திருந்தேன். அவர்களைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, "நல்லாருக்கேன்" என்றாள்.

"பட்டை பாதி நேரம் ஒண்ணுமே காட்டல. காமிராவுக்குத் துணியோ போர்வையோ மறைக்குது. தகடு மட்டுந்தான் நூல் புடிச்ச மாதிரி ஓடுது" என்றார் டாக்டர். "மூணுல அதுதான் நம்பலாம் போல."

டாக்டர் போன பிறகு, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி ஜெசிந்தாவிடம் கேட்டேன். இந்த மூச்சை இப்படி விழுந்து விழுந்து அளக்க வேண்டிய காரணம் என்ன?

"இப்ப பாட்டிக்கு மூக்குல ஆக்சிஜன் போகுதுல்லா? அதனால விரல் கிளிப்பு எப்பவும் நல்லதத்தான் சொல்லும். ஆனா மூச்சு சரியா வெளிய போகலன்னா கெட்ட காத்து உள்ளயே தேங்கிரும். தேங்குனா வலிக்காது தாத்தா. தலவலிக்கும், சும்மா தூக்கமா வரும். தூக்கம்னு நெனச்சு விட்டுருவாவ. அத முன்னாடியே கண்டுபுடிச்சிட்டா மூஞ்சியில இறுக்கமா ஒரு மாஸ்க் போட்டு மெஷின்ல காத்தத் தள்ளிரலாம். பிந்திப்போனாத்தான் தொண்டக் குழாயி."

கையில் இருந்த போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

அதே நாள், சாயங்காலம்

இதைச் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கடியில் எங்களுக்கு ஒரே ஒரு பேச்சுதான். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி முதல் வருடம். ஒரு நாள் கீழே நல்ல சங்கு கண்டு, நேரம் போனது தெரியாமல் நின்றேன். முதலில் நெஞ்சு முட்டியது. பிறகு முட்டுவது நின்றுவிட்டது. சுகமாக இருந்தது. மணல் பஞ்சு மாதிரி தெரிந்தது, கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கயிற்றை இழுக்கவேண்டும் என்கிற நினைப்பே இல்லை. நான் இழுக்காமலே தொம்மை தூக்கினான். வள்ளத்தில் போட்டு என் கன்னத்தில் அறைந்தான். "ஏன்டே தூக்குன, இன்னும் ரெண்டு சங்கு எடுத்துருப்பேனே" என்று அவனோடு சண்டைக்குப் போனேன்.

பிரகாசி தூங்குகிறாள். முகம் சுகமாக இருக்கிறது.

நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். இப்போது போய்ச் சொன்னால் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால்... டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் அவர் வந்ததும் சொல்லிவிடுகிறேன். இவள் தெளிந்து எழுந்தால், காபி குடித்தால், சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுப்பினேன். எழவில்லை.

ஏளா, ஏளா என்று கன்னத்தில் தட்டினேன். கண் பாதி திறந்தது, கருவிழி மேலே போயிற்று. கை விரல்கள் தாமாக வெட்டி வெட்டி ஆடின. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பேச்சி திரையை இழுத்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் பெட்டியைப் பார்த்து, "பதறாதிய, இதுல நல்லாத்தான காட்டுது" என்றாள்.

நீலக் கோடு நீளமாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நான் இன்னும் கட்டிலில் இருந்தேன்.

இறங்கினேன். பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு ஒரு நொடி படுத்தது. பிறகு சின்னச் சின்னதாக, அரைகுறையாக, நடுவில் விட்டு விட்டு எழும்பியது. அதுதான் அவளுடையது. நாலு நாளாக அதை நான் மூடி வைத்திருந்தேன். பெட்டி அலறியது. கைமணியை அழுத்தினேன். சுவரில் இருந்த துவாலையை இழுத்துப் போட்டேன்.

ஜெசிந்தா ஓடி வந்தாள். "இப்பதான பதினாலு இருந்துச்சு! மெஷின் என்ன ஆச்சு?"

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. பதினாலு எனக்குள்ளது."

"என்ன தாத்தா சொல்லுதிய?"

"நான் பக்கத்துல படுத்திருந்தேன். அது என் மூச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெத்தையின் சுவரோரம் பள்ளம் விழுந்திருந்த இடத்தைப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கெட்ட காற்று நிறையத் தேங்கியிருக்கிறது என்றார்கள். இறுக்கமான மாஸ்க்கைப் போட்டு வாரை இழுத்துக் கட்டினார்கள். மெஷின் புஸ்ஸென்று தள்ளியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"எத்தன நாளா?" என்றார் டாக்டர் செண்பகம்.

"வெள்ளிக்கிழமையிலருந்து."

"பட்டைய?"

"நாந்தான் தளத்துனேன்."

"ஏன்?"

"குழாய் போட்டுருவியளோனு பயந்துட்டேன்மா. அவளும் பயந்தா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "வெள்ளிக்கிழமையே இந்த மாஸ்க்கப் போட்டிருந்தா குழாய்ப் பேச்சே வந்திருக்காது தாத்தா. இப்ப எனக்கே தெரியல. ரெண்டு மணி நேரம் பாப்போம். தெளியலன்னா குழாய்தான்" என்றார்.

அதற்கும் ஒரு தாள் கொண்டுவந்தார்கள். வைத்த கைநாட்டில் மை இரண்டாக விழுந்தது. ஜெசிந்தா என் விரலைப் பிடித்து இன்னொரு தடவை வைக்கவேண்டியதாயிற்று. அடித்த சத்தியத்தை அந்தக் கையாலேயே அழித்தேன்.

அதே நாள்

இன்னும் மாஸ்க்தான். இன்னும் குழாய் போடவில்லை.

அதே நாள், பொழுது சாய

டாக்டர் கூப்பிட்டதற்குக் கண் திறந்தாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். நாளைக்கு வரைக்கும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

பேச்சி எனக்கு ஒரு தோசை வாங்கி வந்து வைத்தாள். "நான் கேலி பண்ணிட்டுப் போயிட்டேனே. அந்தானைக்கு அப்பவே நர்ஸுகிட்டச் சொல்லிருந்தாக்கூட..." என்று மூக்கைச் சிந்தினாள். தோசையைத் தின்றேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் பிரகாசி முழுக்கத் தெளிந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து பேச முடியாது. கையை வாயருகில் கொண்டுபோய், விரலைத் தொண்டைக்குள் விடுகிற மாதிரி காட்டினாள். குழாயா என்று கேட்கிறாள்.

"இல்லளா. மேல மூடிருக்க மூடிதான். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். வாரைத் தடவினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐம்பத்து மூன்று வருடமாக அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். "சொல்லிட்டியளா?" என்கிற பார்வை.

"சொல்லிட்டேன்" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி நேரம் வரைக்கும் திரும்பவில்லை.

ஜெசிந்தா வந்து அந்த நாலு நாள் கணக்கையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னாள். எந்த மெஷின் நல்லது என்கிற கேள்வி பழையபடி நிற்கிறதாம். ஒரு அட்டையில் படம் வரைந்து கட்டிலுக்கு மேல் ஒட்டினாள். ஒரு கட்டில், அதில் இரண்டு பேர், ஒரு ஆள்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்த ஆளுக்கு என் வழுக்கையை அப்படியே போட்டிருக்கிறாள். மாமியாரிடம் பேச்சி அதை விளக்கிச் சொல்லப் பார்க்கிறாள். காது கேட்காத கிழவிக்கு எப்படிச் சொன்னாளோ, கிழவி என்னைப் பார்த்து முறைக்கிறது.

பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். காமிரா திறந்து கிடக்கிறது. பிரகாசி துவாலையை நெஞ்சுமேல் போட்டுக்கொள்ள, ஜெசிந்தா மெல்லிசுத் துணி என்று விட்டுவிட்டாள். மூன்று கோடும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. அழகாக இல்லை. ஒன்று உயரம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு இடம் வெறுமனே போகும். அந்த இடம் வரும்போதெல்லாம் என் மூச்சும் நிற்கிறது. அடுத்தது வந்த பிறகுதான் விடுகிறேன். டாக்டர் இன்றைக்கும், "பாப்போம்" என்றுதான் சொன்னார். கைநாட்டு வைத்த தாள் பெட்டிக்கு அடியில் செருகியிருக்கிறது.

ஸ்டூலைக் கட்டிலில் இடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன். கையைப் பிடிக்கலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "கையப் புடிங்க தாத்தா, மெத்தையில சாயாதிய" என்றாள். பிடிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாள், தட்டிவிடுவாள் என்று பயம். என் மேல்துண்டின் ஒரு முனையை மட்டும் அவள் கைக்கருகில் வைத்தேன். மறுமுனை என் கையில்.

மதியம், எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். துண்டு என் கையில் ஒரு இழுப்பு இழுத்தது.

ஒன்றே ஒன்று. அவள் தொம்மையின் தங்கை, அவளுக்கு அது தெரியும்.

என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைமணியை அழுத்தினேன். அழுத்திய விரலை எடுக்கவும் இல்லை. ஜெசிந்தா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பின்னாலேயே இன்னொரு நர்ஸும் டாக்டரும்.

தண்ணீருக்குத்தான் இழுத்திருக்கிறாள். வாய் வறண்டு போயிற்றாம். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி ஸ்பூனில் இரண்டு வாய் விட்டார்கள். தண்ணீரை விழுங்கிய கையோடு, மாஸ்க் மறுபடி மூடுவதற்குள், "ஊரையே கூட்டிட்டிய" என்றாள்.

இதுக்கெல்லாம் மணி அடிக்கக்கூடாது என்று அந்த இன்னொரு நர்ஸ் திட்டிவிட்டுப் போனாள்.

துண்டின் முனை இப்போது அவள் விரலில் சுற்றியிருக்கிறது. நான் வைத்தது இல்லை, அவளே சுற்றிக்கொண்டது. துண்டின் நீளத்துக்கு மேல் நகர முடியாது, அதனால் இன்று தொட்டிக்குப் போகவில்லை. அறையிலிருந்தே பேசுகிறேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கேட்கட்டும். இன்னொரு தடவை இழுத்தாலும் மணி அடிப்பேன். இழுக்காவிட்டாலும் அடிப்பேன்.